கொசுக் கூட்டுப்புழுவில் ஆண் பெண் பிரிக்க ரோபோ கை வேண்டாம்

குரோம்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் கடைசி வருடம் படிக்கும் மாணவர் கேட்டிருக்கிறார்: "டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் கூட்டுப்புழுக்களை ஆண், பெண் என்று தானாகப் பிரிக்கும் கருவி செய்கிறோம். நான்கு பேர் டீம். சின்ன கன்வேயர் பெல்ட், மேலே கேமரா, பக்கத்தில் ரோபோ கை. கூட்டுப்புழுக்கள் பெல்ட்டில் ஒட்டிக்கொள்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. பத்தில் ஏழைத்தான் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இன்னும் நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?"

ஆகாது தம்பி. கேமராவுக்கு வைத்திருக்கும் காசை அப்படியே வையுங்கள். உங்கள் சிக்கல் கேமராவுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது: கூட்டுப்புழுக்கள் ஒவ்வொன்றாக வரவில்லை. ஈரமான பெல்ட்டில் இவ்வளவு சின்ன உடம்பை நீரின் பரப்பு இழுவிசை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதை எந்த மோட்டாராலும் ஜெயிக்க முடியாது. கூட்டுப்புழு நீரில் வாழ்கிற உயிர், நீரிலேயே நகர்த்துங்கள். ரோபோ கையையும் விட்டுவிடுங்கள், அது பிடிக்கிற பிடியில் பாதி நசுங்கிவிடும்.

முதலில் மோட்டாரே இல்லாத ஒரு கருவியைச் செய்து பாருங்கள். 1959-இல் ஃபே, மோர்லன் என்ற இருவர் வெளியிட்ட யோசனை இது, இன்றைக்கும் கொசு வளர்க்கும் ஆய்வகங்களில் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தி, நடுவிலுள்ள இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும்படி திருகு வைக்க வேண்டும். மேலிருந்து நீரோடு ஊற்றினால், இன்னும் கூட்டுப்புழு ஆகாத இளம்புழுக்கள் (லார்வா) மெலிசானவை என்பதால் நழுவிக் கீழே போய்விடும், கூட்டுப்புழுக்கள் தங்கள் தலைமார்புப் பகுதியின் அகலத்துக்கு ஏற்ற இடத்தில் மாட்டி நின்றுவிடும். ஏடிஸில் பெண் பெரியது, ஆண் சிறியது; அதனால் மேலே பெண்களின் பட்டை, கீழே ஆண்களின் பட்டை என்று கண்ணுக்கே தெரியும். திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆண்கள் முதலில் இறங்கிவிடும். கண்ணாடிக் கடையில் வெட்டி வாங்கி ஒரு வாரத்தில் செய்துவிடலாம். உங்கள் தானியங்கிக் கருவி இதைவிடச் சரியாகவோ ஆள் உழைப்பு குறைவாகவோ வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுக் காட்டுங்கள், ரிவ்யூவில் அதற்குத்தான் மதிப்பு.

இந்த அளவு வித்தியாசம் தானாக வந்துவிடாது, இங்கேதான் பொறியியல் மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஒரே ட்ரேயில் நெரிசல், சாப்பாடு ஒரு மூலையில் மட்டும் என்றால், பட்டினி கிடந்த பெண்ணும் நன்றாகத் தின்ற ஆணும் ஒரே அளவில் வந்து நிற்கும். அப்புறம் எந்த மென்பொருளும் பிரிக்காது. முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிய வேண்டும். அதற்குக் கொதிக்க வைத்து மூடி ஆற வைத்த நீரில் முட்டைத்தாளை (கொசு முட்டையிட்ட தாள்) போடுங்கள், ஆக்சிஜன் குறைந்த நீர்தான் பொரிவதற்குத் தூண்டுதல். ட்ரேக்கு ட்ரே ஒரே எண்ணிக்கை, ஒரே அளவு உணவு, ஒரே வெப்பம். ஆண்கள் பெரும்பாலும் பெண்களுக்கு முன்பே கூட்டுப்புழு ஆகிவிடும், ஆகவே முதல் நாள் வந்தவற்றையும் மறுநாள் வந்தவற்றையும் கலக்காமல் வையுங்கள். உங்கள் பத்துக்கு மூன்று தவறில் பெரும்பங்கு இந்த ட்ரேயில் பிறந்தது என்பது என் கணிப்பு.

இப்போது தானியங்கிப் பகுதி. இரண்டு கூட்டுப்புழுக்கள் பக்கம் பக்கமாக நுழைய முடியாத அளவு குறுகலான, ஒளி ஊடுருவும் ஒரு குழாயில் மெதுவாக நீரை ஓடவிடுங்கள். குழாயின் பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக், அதன் பின்னால் எல்இடி. இந்தப் பின்னொளியில் கூட்டுப்புழு கறுப்பு நிழலாக விழும், பளபளப்புத் தொல்லை போய்விடும், ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டோடு இணைக்கும் சாதாரண கேமராவே போதும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு சுற்று வந்தால் முக்கால்வாசிப் பொருள் கிடைத்துவிடும். குழாய் முடிகிற இடத்தில் ரப்பர் போல வளையும் இரண்டு சிலிகோன் குழாய்க் கிளைகள், ஒன்றை நசுக்கி மற்றதைத் திறக்க ஒரு சின்ன செர்வோ மோட்டார். நீர் நொடிக்கு 5 செ.மீ. ஓடுகிறது, கேமராவிலிருந்து கிளைக்கு 10 செ.மீ. என்றால் முடிவெடுக்க 2 நொடி இருக்கிறது, தாராளம். ஆனால் கூட்டுப்புழு சும்மா மிதந்து வராது, வாலை அடித்துக்கொண்டு முன்பின் போகும், அதனால் நேரக் கணக்கை மட்டும் நம்பாமல் கிளைக்குச் சற்று முன்னால் ஒரு இன்ஃப்ராரெட் சென்சார் வையுங்கள். ஒரு படத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் திரும்பினால் அகலம் மாறும், ஐந்தாறு படம் எடுத்துப் பாருங்கள். சந்தேகமாக இருப்பதைப் பெண் பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஏன் பெண் பக்கம்? மலட்டு ஆண் கொசுக்களை வெளியில் விடும் முறைக்காகத்தான் இந்தப் பிரிப்பே; அவற்றோடு சேரும் பெண்ணின் முட்டை பொரியாது, கொசு குறையும். கடிப்பதும் டெங்குவைப் பரப்புவதும் பெண். ஆண் கொஞ்சம் வீணானால் பரவாயில்லை, ஆண் கூட்டத்தில் பெண் கலந்தால் கருவிக்குப் பயனில்லை. எனவே "மொத்தத்தில் இத்தனை சதவீதம் சரி" என்று சொல்லாமல், ஆண் டப்பாவில் எத்தனை பெண் என்று சொல்லுங்கள். 30-ஐச் சோதித்து ஒரு பெண்கூட இல்லை என்றாலும், கலப்பு 10 சதவீதத்துக்குள் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். 1 சதவீதத்துக்குள் என்று சொல்ல ஒரு பெண்கூட இல்லாத 300 வேண்டும். சோதிக்க, பிரித்தவற்றைத் தனித்தனிக் குப்பியில் விட்டுக் கொசுவாகும்வரை காத்திருங்கள். ஆணின் உணர்கொம்பு இறகு போலப் புசுபுசுவென்று இருக்கும், லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரியும். கருவியில் போகாத ஒரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து, எத்தனை உயிரோடு வெளிவந்தன என்று எண்ணுங்கள். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த அதே ட்ரேயிலிருந்து சோதனைக்கு எடுக்க வேண்டாம், அடுத்த வாரத்து ட்ரேயில் சோதியுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு லேபில் ஏடிஸ் வளர்ப்பது விளையாட்டு இல்லை. கொசு வளர்ப்பு வசதியுள்ள விலங்கியல் துறை ஒன்றின் மேற்பார்வையில், அவர்கள் இடத்திலேயே செய்யுங்கள், ஹாஸ்டல் அறையில் வேண்டவே வேண்டாம். கூட்டுப்புழுப் பருவம் இரண்டு நாள்தான், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும். சனிக்கிழமை பிரித்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தால் அறை முழுக்கக் கொசு பறக்கும். எல்லா டப்பாவுக்கும் வலைமூடி போடுங்கள். வேலை முடிந்ததும் மிச்சத்தை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொட்டுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் ட்ரேயின் ஓரங்களைக் கொதிக்கும் நீர் ஊற்றி நன்றாகத் தேய்த்த பிறகே அடுக்கி வையுங்கள்.