கண் நன்றாகத் தெரியும்போது எதற்குப் பரிசோதனை?

"வயது 42, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் இருந்தால் தள்ளியே போடாதீர்கள்.

என் அப்பாவும் இதேதான் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படிப்பார். ஆனால் பக்கத்தில் இருக்கும் டம்ளரைக் கை தட்டிவிடும், கதவு நிலையில் தோள் இடிக்கும். பார்வைப் புலச் சோதனை என்று ஒன்று செய்தார்கள். ஒரு கண்ணை மறைத்து, தாடையைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிடும். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டிக். வெளியே வந்தவர், "மெஷின் நடுநடுவே நின்றுபோகிறது" என்றார். மெஷின் நிற்கவில்லை, அச்சடித்த தாளில் மூக்குப் பக்கம் பெரிய கறுப்புத் திட்டு. அங்கே மின்னிய வெளிச்சம் அவருக்குத் தெரியவே இல்லை.

கிளாக்கோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோய் இப்படித்தான். வலி பெரும்பாலும் இருக்காது. பார்வை நரம்பு மெல்லக் கெட்டு ஓரப் பார்வை முதலில் போகும், ஒரு கண் விட்டதை மறு கண் ஈடுகட்டிவிடும். கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துக்கொள்ளலாம். இதில் போனது போனதுதான், சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவே.

நான் டாக்டர் இல்லை, பயமுறுத்தவும் வரவில்லை. 40க்கு மேல் கிட்டத்தில் மங்கினால் அது அநேகமாக வெள்ளெழுத்து, எல்லாருக்கும் வருவது. "கண்ணுக்குள் அழுத்தம் 21 mmHg-க்குள் இருந்தால் கவலையில்லை" என்று இங்கேயே ஒருவர் எழுதுவார். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. அதனால் கண்ணாடி பவர் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், கண் சிவந்தால் வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, தொடர்ந்து போட்டால் அழுத்தம் ஏறலாம்.

என் அண்ணன் வாரம் தவறாமல் கண் பயிற்சி வீடியோ அனுப்புகிறார். கண்ணை உருட்டினால் நரம்பு முளைக்காது. அதற்குப் பதில் ஒரு தடவையாவது வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம். அப்படியே தன் கண்ணையும் காட்டிக்கொள்ளலாம், அவருக்கும் 40 தாண்டிவிட்டது.