பெரியவர்களின் இச்சையடக்கம்

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 19, தண்டையார்பேட்டை, பாலிடெக்னிக் மாணவன். வாலிபர் கூடுகையில் இச்சையடக்கம், அதாவது தன்னைத்தானே அடக்கிக்கொள்வது பற்றிப் பேசினார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைத் தொடமாட்டேன் என்று கை தூக்கினேன். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. போனை எடுத்தாள் என்று தங்கையை அறைந்துவிட்டேன். அப்பா சபை மூப்பர். ‘உனக்கு விசுவாசமே இல்லை’ என்று தட்டை வீசினார். இந்த நிலையில் நான் சபையில் அப்பமும் ரசமும் தரும் ராப்போஜனத்தை எடுக்கலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

போன் விஷயத்தை விடு. சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்துக்கொள், போதும். ஆனால் தங்கையை அறைந்தாயே, அது சின்ன விஷயமில்லை. ஒரு போனுக்காகக் கைநீட்டுவாயா? வெட்கமாக இல்லை?

இதையெல்லாம்விட, போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். அப்பா தட்டை வீசினார்.

இச்சையடக்கம் என்றாலே நம் சபைகளில் வாலிபர்களைத்தான் கூட்டி உட்காரவைக்கிறோம். பெரியவர்களுக்கென்று இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை. பைபிளில் அப்போஸ்தலர் 24-ஆம் அதிகாரத்தைப் படி. செசரியாவில் அப்போஸ்தலன் பவுல் கைதி. தேசாதிபதி பேலிக்ஸ், இன்னொருவன் மனைவியாக இருந்த துருசில்லாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பவுலைக் கூப்பிட்டுக் கேட்கிறான். பவுலிடமிருந்து பணம் வரும் என்ற நப்பாசையும் அவனுக்கு உண்டு. அவன் முகத்துக்கு நேரே பவுல் பேசியது நீதி, இச்சையடக்கம், வரப்போகும் நியாயத்தீர்ப்பு. பேலிக்ஸ் பயந்துபோய், இப்போது போ, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான். விடுதலை செய்யவும் இல்லை. 2 வருடம் கழித்துப் பதவி மாறிப் போகும்போதும் காவலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பவுல் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தையும் பார். முதலில் புத்தி சொல்லப்படுவது முதிர்ந்த ஆண்களுக்கு. வாலிபர்கள் 6-ஆம் வசனத்தில்தான் வருகிறார்கள். மூப்பர்களை ஏற்படுத்தச் சொல்லும் 1-ஆம் அதிகாரத்தில், முற்கோபி கூடாது, அடிக்கிறவன் கூடாது என்று பச்சையாகவே இருக்கிறது. நாமோ கணக்கு வழக்கு தெரிந்தவரா, நன்றாக ஜெபிப்பவரா என்று பார்க்கிறோம். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எந்த மூலைக்கு ஓடுகிறார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை.

என் பெரியப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். மேஸ்திரி கூலியில் கைவைத்த நாட்களில் அவர் நேராக வீட்டுக்குள் வரமாட்டார். முனையிலிருந்த அடிபம்பில் நின்று, வரிசையில் இருக்கிற குடங்களுக்கெல்லாம் அவரே அடித்துக் கொடுப்பார். வேர்த்து, மூச்சு வாங்கி, கோபம் இறங்கிய பிறகுதான் படியேறுவார். பெரியம்மாவுக்கும் தெரியும், ஒன்றும் கேட்காமல் சாதம் போடுவார். வேதவசனம் எதுவும் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆனால் கோபம் வந்தால் முதலில் வாசலுக்குப் போய்விட வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் படித்தேன். எந்தப் பிரசங்கத்திலும் இல்லை.

அதற்காக, அப்பாவே அப்படித்தானே என்று நீ தப்பித்துக்கொள்ள முடியாது. தங்கைக்கு நீயும் பெரியவன்தான். அந்த இடத்தில் பலம் உன் கையில் இருந்தது.

சரி, ராப்போஜனம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாராளமாகப் போய் எடு. ‘ஆனா நீ ஏன் போனை எடுத்தே’ என்று பின்னால் சேர்க்காமல் கேள். அப்பா விஷயத்தைப் போதகரிடம் தனியாகச் சொல். அவர் மழுப்பினால் எனக்கு எழுது. நானே வந்து பேசுகிறேன்.