ஈரலைப் பார்த்தால் வாய்க்கால் தெரியும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். கால்நடை மருத்துவராகவும் பிறகு இறைச்சி ஆய்வாளராகவும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது தஞ்சாவூரில் வசிக்கிறார்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். கால்நடை மருத்துவம் படித்து இறைச்சி ஆராய்ச்சிக்குப் போவேன் என்கிறாள். நாங்கள் சைவக் குடும்பம். "மாட்டு டாக்டருக்கு இவ்வளவு படிப்பா? கறியில் ஆராய என்ன இருக்கிறது?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் மகள் நல்ல வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முதலில் படிப்பு விவரம். பி.வி.எஸ்சி. பட்டத்துக்குப் பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நான் படித்தது சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய பழைய கல்லூரி. இப்போது அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2012-இலிருந்து ஒரத்தநாட்டிலேயே கல்லூரி நடக்கிறது. பட்டத்துக்குப் பிறகு முதுகலையில் இறைச்சி அறிவியல் பக்கம் போகலாம். ஹைதராபாத்தில் இறைச்சிக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இனி உறவினர்களின் கேள்வி. நான் முதலில் டெல்டாவில் ஒரு கால்நடை மருந்தகத்தில்தான் வேலை பார்த்தேன். ஒருவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார், மெலிந்திருக்கும், கழியும். மருந்து கொடுத்து அனுப்புவேன். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இன்னொரு ஆடு வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது ஊரில் என்ன நடக்கிறது என்பது பிடிபடவே இல்லை. அப்புறம் ஆடு அறுக்கும் கூடத்தில் பரிசோதனைப் பணி வந்தது. அங்கே அறுப்பதற்கு முன்னால் ஆட்டை நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். அறுத்தபின் ஈரல், நுரையீரல், நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் பார்த்து, நல்லதற்கு முத்திரை குத்தி, கெட்டதைக் கழிக்க வேண்டும். வரிசையாக ஈரல்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது, எந்தப் பக்கத்து ஆட்டில் ஈரல் தடித்திருக்கிறது, எந்தப் பக்கத்து ஆட்டில் நுரையீரல் ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வாய்க்கால் ஓரம் மேய்ந்த ஆட்டையும் மேட்டில் மேய்ந்த ஆட்டையும் என்னால் ஈரலை வைத்தே சொல்ல முடிந்தது. மருந்தகத்தில் கிடைக்காத விடை அங்கே கிடைத்தது. உயிரோடு இருக்கும் ஆடுகளைக் காப்பாற்ற அந்த விடை வேண்டும். நான் மேற்படிப்புக்கு இறைச்சித் துறையை எடுத்ததற்குக் காரணம் இதுதான்.

சைவம் பற்றி. கறி சாப்பிடாதவர்கள் இந்தத் துறைக்கு வரலாம். கறியின் அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் கிருமி எண்ணிக்கையும் கருவியில் தெரிவது, ருசி பார்க்கத் தேவையில்லை. ஆனால் அறுக்கும் இடத்தில் நிற்காமல் இந்தப் படிப்பு முடியாது. அதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பயிற்சிக் காலம் வரை காத்திருக்க வேண்டாம். சொன்ன பிறகும் அவள் உறுதியாக நின்றால் நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள். மாட்டு டாக்டர் என்று இளப்பமாகச் சொல்பவர்களிடம் வெக்கை நோயைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளைக் கொன்று தீர்த்த நோய் அது. 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு முற்றாக ஒழிந்த நோய் அது ஒன்றுதான். மாட்டு டாக்டர்களும் தடுப்பூசியும் செய்த வேலை அம்மா அது.

கேள்வி: எங்கள் செம்மறிகளில் சிலவற்றுக்குச் சித்திரை பிறந்ததிலிருந்து தாடைக்குக் கீழே வீங்குகிறது. சாயங்காலம் பெரிதாக இருக்கிறது, காலையில் வடிந்துவிடுகிறது. இரண்டு செத்துவிட்டன. தீவனக் கோளாறா?
வாசகர், மன்னார்குடி

பதில்: தீவனத்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை ஐயா. அவை எங்கே மேய்ந்தன என்று பாருங்கள். ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் கீழ்ப்பக்கம் இறங்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்வதால் சாயங்காலம் தாடையில் சேர்கிறது, இரவில் வடிகிறது. டெல்டாவில் இதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஈரல் தட்டைப்புழுவை.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்கிறது. தண்ணீர் வாய்க்கால் பள்ளங்களிலும் குட்டைகளிலும் மட்டும் தேங்குகிறது. பச்சைப் புல்லும் அங்கேதான், நத்தையும் அங்கேதான். இந்தப் புழுவின் குஞ்சு நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, நீர்மட்டத்தை ஒட்டிய புல்லின் அடியில் கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. ஆடு அந்தப் புல்லைக் கடிக்கிறது. குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய் வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மாசியில் மேய்ந்தது சித்திரை, வைகாசியில் தாடையில் தெரிகிறது. வயலில் கிடை போட ராமநாதபுரத்துப் பக்கமிருந்து மந்தை ஓட்டி வரும் கீதாரிகளின் ஆடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். மேட்டு நிலத்தில் வளர்ந்த ஆடுகள் நம் வாய்க்காலுக்கு வந்து நோயை வாங்கிக்கொண்டு போவது எனக்கு எப்போதும் வருத்தம்.

குடலில் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுவாலும் இதே வீக்கம் வரும். அதனால் மருந்து வாங்கும் முன்னால் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கடையில் கொடுக்கும் சாதாரணப் புழு மருந்து எல்லாம் தட்டைப்புழுவுக்குக் கேட்காது. ஆக்சிக்ளோசனைடு வளர்ந்த புழுவைக் கொல்லும், இளம்புழுவை விட்டுவிடும். டிரைக்ளாபென்டசோல் இரண்டையும் கொல்லும். எடை பார்த்து, சினை ஆடா என்று சொல்லி, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மருந்து கொடுத்தபின் இத்தனை நாள் கறிக்கு ஆகாது என்று பாட்டிலில் போட்டிருக்கும், அது கழியும் வரை அந்த ஆட்டைக் கறிக்கு விற்காதீர்கள். வாய்க்கால் பள்ளத்தில் மேய விடாமல் புல்லை மேலாக அறுத்துக் காயவைத்துப் போடுங்கள். மேய்ச்சல் வாத்துக்காரர் வந்தால் அந்தப் பள்ளத்தில் இறங்கச் சொல்லுங்கள். வாத்து நத்தையைத் தின்னும்.

கேள்வி: புழு இருந்த ஈரலைத் தெரியாமல் சாப்பிட்டால் நமக்கும் புழு வருமா?
வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: நன்றாக வேகவைத்த ஈரலால் வராது. நான் அதிகம் பயப்படுவது வேறொரு புழுவின் குஞ்சுகள் இருக்கும் நீர்க்கட்டிக்குத்தான். ஈரலிலும் நுரையீரலிலும் வெள்ளையாக, தண்ணீர் நிறைந்து இருக்கும். அதைக் கடைக்காரர் அறுத்து நாய்க்கு எறிகிறார். நாயின் குடலில் அது நாடாப்புழுவாகி, அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வருகிறது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் குழந்தை சோறு சாப்பிட்டால் குழந்தையின் ஈரலில் கட்டி வளரும். கட்டியைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். இதைக் கறிக்கடையில் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஞாயிறு காலை ஆறு மணிக்கே போய், கண்ணெதிரே அறுத்த ஆட்டுக்கறி வாங்குகிறேன். பத்து மணிக்குச் சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. கிழட்டு ஆட்டைக் கொடுக்கிறார்களா?
வாசகர், திருவாரூர்

பதில்: கிழட்டு ஆடாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சமைக்கும் நேரமும் காரணம். அறுத்த சில மணி நேரத்தில் தசை இறுகும். தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து அமிலமாக மாறி, ஏழு அளவில் இருந்த பி.எச். ஒரு நாளுக்குள் ஐந்தரைக்குப் பக்கம் இறங்கும். பிறகு தசையின் சொந்த நொதிகளே அதை மெல்ல இளக்கும். நீங்கள் இறுகிய நேரத்தில் அடுப்பில் ஏற்றுகிறீர்கள். மூடி வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் விட்டுச் சமைத்துப் பாருங்கள். வாங்கியதும் ஃப்ரீசரில் திணிப்பதுதான் மிக மோசம், கறி இன்னும் சுருங்கும். அன்றைக்கே வேண்டுமென்றால் பப்பாளிக்காய் அரைத்துத் தடவி, சிறு தீயில் நேரம் கொடுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் காட்டாமல் லாரியில் நெருக்கி ஏற்றிவந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும். அமிலம் ஊறாது. கறி கறுத்து, பிசுபிசுவென்று, சீக்கிரம் கெடும். ஆட்டை இளைப்பாற விட்டுத் தண்ணீர் காட்டி அறுக்கிற கடை எது என்று விசாரித்து அங்கே வாங்குங்கள். ஆட்டுக்கும் அது நியாயம்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்த பசு திடீரென்று செத்துவிட்டது. மூக்கில் ரத்தம். தோலையாவது விற்கலாமா?
வாசகர், நீடாமங்கலம்

பதில்: கூடாது. கத்தியே வைக்காதீர்கள். மூக்கு, வாய், ஆசனவாயில் கறுத்த, உறையாத ரத்தம் வந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடலைத் திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உரிப்பவர் கையில் புண் வரும், கறியைத் தின்றவர் உயிருக்கே ஆபத்து. நாய், காக்கை அண்டாமல் காவல் வைத்து, மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். மருத்துவர் காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். அப்புறம் ஆறடிக் குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு. மற்ற மாடுகளை அந்தக் கொட்டகையிலிருந்து இன்றைக்கே பிரித்துக் கட்டுங்கள். தடுப்பூசி எப்போது போடுவது என்று மருத்துவரிடம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.