விசையும் அழுத்தமும் ஒன்றுதானா? எட்டாம் வகுப்பு மாணவிக்கு எப்படி விளக்குவது?

எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், கூரான கத்தி எளிதாக வெட்டும், ஆணியின் முனை மரத்தில் சட்டென்று இறங்கும் என்ற எடுத்துக்காட்டுகளைத் தடையின்றிச் சொல்கிறாள் என்றும், ஆனால் "விசை, அழுத்தம் இரண்டும் ஒன்றுதானே, பிறகு ஏன் இரண்டு பாடம்?" என்று அவள் கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவள் கேட்பது நியாயமான கேள்விதான். கத்தியையும் ஆணியையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் இந்தக் குழப்பம் தீராது. அந்த எடுத்துக்காட்டுகள் தவறானவை அல்ல. பாடத்தின் ஒரு பாதியை மட்டுமே அவை சொல்கின்றன. மறுபாதி பெரும்பாலான வகுப்புகளில் தொடப்படுவதே இல்லை.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் அதன்மேல் மகளை இரண்டு கால்களாலும் நிற்கச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கச் சொல்லுங்கள். எண் மாறாது. 40 கிலோ என்றால் 40 கிலோதான். இயந்திரம் காட்டுவது அவள் கீழ்நோக்கிச் செலுத்தும் மொத்த விசையை. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் என்று கொண்டால் அது 400 நியூட்டன். ஆனால் அவளுடைய உள்ளங்கால் வேறொரு செய்தியைச் சொல்லும். கட்டம் போட்ட வரைபடத்தாளில் ஈரப்பாதத்தைப் பதித்துக் கட்டங்களை எண்ணினால் ஒரு பாதம் தரையைத் தொடும் பரப்பு கிடைக்கும். அது 125 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கால்களில் நிற்கும்போது 400 நியூட்டனை 250 சதுர சென்டிமீட்டர் பங்கிட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் பங்கு 1.6 நியூட்டன். ஒரு காலில் நின்றால் அந்தப் பங்கு 3.2 நியூட்டன் ஆகிவிடும். மொத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை விசை; ஒவ்வொரு அலகுப் பரப்புக்கும் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை அழுத்தம். ஒன்று மாறாமல் இருக்கும்போதே மற்றொன்று இரு மடங்காகிறது என்பதை அவளே கண்டுவிட்ட பிறகு, இரண்டும் ஒன்று என்று சொல்ல அவளுக்கு மனம் வராது.

கத்தியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், அறிவிப்புப் பலகையில் தாளைக் குத்தி வைக்கும் போர்டு பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் 10 நியூட்டன் விசையில் அதை அழுத்துகிறோம் என்று கொள்வோம். அதன் தலை ஏறத்தாழ 1 சதுர சென்டிமீட்டர். முனை, சொல்லப்போனால், 0.1 சதுர மில்லிமீட்டர் இருக்கலாம். தலையில் செலுத்திய அதே 10 நியூட்டன்தான் முனையிலும் செயல்படுகிறது. ஆனால் விரல் படும் இடத்தில் அழுத்தம் 1,00,000 பாஸ்கல் (ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதே ஒரு பாஸ்கல்). மரம் படும் இடத்தில் 10,00,00,000 பாஸ்கல், அதாவது ஆயிரம் மடங்கு. விரலில் ஏன் குத்தவில்லை, பலகையில் ஏன் குத்துகிறது என்பதற்கு ஒரே பொருளின் இரண்டு முனைகளிலும் விடை இருப்பதால், ஒப்பிடுவதற்கு இரண்டாவது கத்தி தேவைப்படுவதில்லை. தலையில் குடம் சுமப்பவர்கள் சும்மாடு வைப்பது, புத்தகப் பையின் தோள்வார் அகலமாக இருப்பது, தண்டவாளத்தின் அடியில் குறுக்குக் கட்டைகள் இருப்பது ஆகியவை இதே கணக்கின் மறுபக்கம்; இவற்றை அவளே பட்டியலிட்டுவிடுவாள்.

இங்கெல்லாம் விசைதான் முதலில் கொடுக்கப்பட்டிருக்கிறது. உடலின் எடை, விரலின் தள்ளல், குடத்தின் சுமை என்று அது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. பரப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து அழுத்தம் கிடைக்கிறது. திண்மப் பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் நீர், காற்று, நீராவி என்று பாய்மங்களுக்கு வந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. அங்கே அழுத்தம்தான் முதலில் முடிவாகிறது. அது எந்தப் பரப்பின்மேல் செயல்படுகிறது என்பதைப் பொறுத்து விசை கிடைக்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்ற சூத்திரத்தை, விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்குவது என்றும் படிக்க வேண்டும். கணிதமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே சமன்பாடுதான்; மாணவர்களுக்கு அவை இரண்டு வெவ்வேறு எண்ணங்கள். நான் மறுபாதி என்று சொன்னது இதைத்தான்.

இதை விளக்குவதற்கு உங்கள் சமையலறையில் இருக்கும் பிரஷர் குக்கரைவிட நல்ல கருவி எந்த ஆய்வகத்திலும் கிடையாது. விசில் வரும் நிலையில் வழக்கமான குக்கருக்குள் இருக்கும் நீராவியின் அழுத்தம், வெளியே உள்ள காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல் கூடுதலாக இருக்கும். அதனால்தான் உள்ளே நீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை வரை சூடேறுகிறது, பருப்பும் விரைவில் வேகிறது. இப்போது வெயிட் உட்காரும் குழாயின் துளையைப் பாருங்கள். அதன் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று கொண்டால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மில்லிமீட்டர். அந்த அழுத்தத்தை இந்தப் பரப்பால் பெருக்கினால் வருவது 0.7 நியூட்டன்; 70 கிராம் எடையுள்ள ஒரு சிறு உலோகத் துண்டு அதைத் தடுத்து நிறுத்திவிடும். அந்த நீராவியைக் கட்டுப்படுத்தும் வெயிட் கைக்குள் அடங்கும் அளவில் இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அடுத்து மூடியைக் கணக்கிடச் சொல்லுங்கள். மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருப்பது அதே நீராவி, அதே 1,00,000 பாஸ்கல் அழுத்தம். ஆனால் மூடியை மேல்நோக்கித் தள்ளும் விசை 3,140 நியூட்டன், அதாவது 300 கிலோவுக்கும் மேற்பட்ட சுமைக்குச் சமம். ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில், ஒரே அழுத்தம் ஓரிடத்தில் 70 கிராமால் அடங்குகிறது. மற்றோரிடத்தில் நான்கைந்து ஆட்கள் ஏறி நின்றாலும் அடங்க மறுக்கிறது. வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதும்போது எழும் சலசலப்பை வேறு எந்த எடுத்துக்காட்டும் எழுப்பியதில்லை.

மூடியை இவ்வளவு பெரிய விசைக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருப்பது வெயிட் அல்ல. பிரஸ்டீஜ் போன்ற வெளிமூடிக் குக்கர்களில் விளிம்பில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்கள் அதைத் தாங்குகின்றன. ஹாக்கின்ஸ் போன்ற உள்மூடிக் குக்கர்களில் மூடி விளிம்புக்கு உள்ளிருந்து பொருந்துவதால், நீராவியே அதை விளிம்போடு சேர்த்து அழுத்திக்கொள்கிறது. கூடுதல் அழுத்தம் கால் பங்காகக் குறைந்து 25,000 பாஸ்கல் ஆன பிறகும், மேலே நாம் கணக்கிட்ட மூடியின்மேல் ஏறத்தாழ 80 கிலோ சுமைக்குச் சமமான விசை இருக்கும். அவசரத்தில் கைப்பிடியைத் திருக முயல்கிறவர்களுக்கு இந்த எண் தெரிந்திருப்பது நல்லது. மூடியின்மேல் இருக்கும் சேஃப்டி வால்வு, வெயிட்டின் துளை அடைபட்டு உள்ளே வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறும்போது நீராவிக்கு வேறு வழி திறந்துவிடுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

காற்றுக்கும் இதே கணக்குதான். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல். விரித்த உள்ளங்கையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால் அதன்மேல் காற்று ஏறத்தாழ 1,000 நியூட்டன் விசையைச் செலுத்துகிறது, அதாவது 100 கிலோ. கை கீழே இறங்காததற்குக் காரணம், புறங்கையின் பக்கத்திலிருந்தும் அதே விசை எதிர்த்திசையில் செயல்படுவதுதான். ஒரு பக்கத்துக் காற்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் மக்டேபர்க் நகரில் ஓட்டோ வான் கெரிக் 1657-இல் ஊரறியக் காட்டினார். ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளிருந்த காற்றைத் தாம் உருவாக்கிய பம்பினால் வெளியேற்றிவிட்டு, பக்கத்துக்கு எட்டாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். உள்ளே காற்றே இல்லை என்று கொண்டால் அரைக்கோளங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த விசை 20,000 நியூட்டனை நெருங்கும், அதாவது இரண்டு டன். இதில் ஒரு சுவையான செய்தி: ஒரு பக்கத்தைப் பெரிய மரத்தில் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் எட்டுக் குதிரைகளை மட்டும் பூட்டியிருந்தாலும் கோளத்தின்மேல் அதே இழுவிசைதான் இருந்திருக்கும். மீதி எட்டுக் குதிரைகளின் வேலையை மரம் செய்திருக்கும். கூடியிருந்தவர்களுக்கு அது அவ்வளவு விறுவிறுப்பாக இருந்திருக்காது.

பாய்மத்தின் அழுத்தத்துக்குத் தனியாக ஒரு திசை கிடையாது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விசைக்கு அளவும் திசையும் உண்டு. அழுத்தத்துக்கு அளவு மட்டுமே உண்டு. பாய்மம் எந்தப் பரப்பைத் தொடுகிறதோ அந்தப் பரப்புக்குச் செங்குத்தாக விசையைச் செலுத்துகிறது. பாலித்தீன் பையில் நீரை நிரப்பி, வாயைக் கட்டி, பல இடங்களில் ஊசியால் குத்திப் பையை இறுக்கினால், நீர் கீழ்நோக்கி மட்டும் ஒழுகாமல் எல்லாத் துளைகளிலிருந்தும் பையின் பரப்புக்குச் செங்குத்தாகப் பீய்ச்சி அடிப்பதைப் பார்க்கலாம். குளியலறையில் செய்து பார்க்க ஏற்றது.

நீரைப் பற்றி மாணவர்களிடம் வேரூன்றிய ஒரு தவறான எண்ணம் உண்டு: நிறைய நீர் இருந்தால் நிறைய அழுத்தம் இருக்கும் என்பது. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நீரின் மொத்த அளவைப் பொறுத்ததன்று. மாடியில் 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு அதே உயரத்தில் 1,000 லிட்டர் தொட்டியை வைத்தால், நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருக்கும்வரை குழாயில் வேகம் கூடாது. தொட்டியை 3 மீட்டர் உயர்த்தினால் அழுத்தம் ஏறத்தாழ 30,000 பாஸ்கல் கூடும். கீழ்த்தளக் குழாயில் நீர் வேகமாக வருவதும், தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்தளத்தில் ஷவர் சோம்பிக் கிடப்பதும் இதனால்தான்.

மேட்டூர் அணையைப் பற்றிய செய்தியில் இரண்டு எண்கள் வருவதை உங்கள் மகள் கேட்டிருப்பாள். நீர்மட்டம் 120 அடி, நீர் இருப்பு 93.47 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்றால் அணை நிரம்பிவிட்டது என்று பொருள். டி.எம்.சி. என்பது பாசனத்துக்கு எவ்வளவு நீர் இருக்கிறது என்று உழவருக்குச் சொல்லும் எண். அடி என்பது அணைச் சுவரின்மேல் அழுத்தம் எவ்வளவு என்று பொறியாளருக்குச் சொல்லும் எண். 120 அடி ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 36.5 மீட்டரில், நீரின் அழுத்தம் ஏறத்தாழ 3,65,000 பாஸ்கல். அங்கே சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 36 டன்னுக்கு மேற்பட்ட சுமைக்குச் சமமான விசை தள்ளுகிறது. நீர்த்தேக்கம் பின்னால் எத்தனை கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும், சுவருக்கு அருகே ஆழம் மாறாதவரை இந்த எண்ணும் மாறாது. அணைகளின் அடிப்பகுதி அகலமாகவும் மேற்பகுதி குறுகலாகவும் கட்டப்படுவதற்கு ஆழத்தோடு அழுத்தம் கூடுவது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு பாதிகளும் புரிந்துவிட்டனவா என்று சோதிக்க, நான் வகுப்பில் கடைசியாகக் கொடுப்பது டயர் கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரின் சுமையை நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்குகின்றன என்று கொண்டால், ஒவ்வொன்றின்மேலும் 2,500 நியூட்டன். பெட்ரோல் பங்கில் "முப்பத்திரண்டு வைங்க" என்று சொல்கிறோம்; அது பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்ற அலகில் சொல்லப்படுவது, பாஸ்கலில் ஏறத்தாழ 2,20,000. விசையும் தெரியும், அழுத்தமும் தெரியும். எனவே டயர் சாலையைத் தொடும் பரப்பைக் காணலாம். விடை 114 சதுர சென்டிமீட்டருக்கு அருகில் வரும், அதாவது ஓர் உள்ளங்கை அளவுதான். டயரின் பக்கச் சுவரும் சிறிது சுமையைத் தாங்குவதால் இது துல்லியமான விடை அன்று. ஆனாலும் முழுக் காரும் நான்கு உள்ளங்கை அளவுப் பரப்பில் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்பதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. வாகனம் நிற்கும்போது டயரைச் சுற்றிச் சாக்பீஸ் மாவைத் தூவிவிட்டு, வண்டியை நகர்த்தி, மாவு படாத இடத்தை அளந்து அவளே சரிபார்க்கட்டும்.

அதன் பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இருசக்கர வண்டியில் பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்ததும் பின் டயரில் எது கூடுகிறது? காற்றழுத்தம் கூடுகிறது என்று பெரும்பாலோர் சொல்வார்கள். டயருக்குள் இருக்கும் காற்றின் கன அளவு மிகச் சிறிதே மாறுவதால் அழுத்தம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். விசை கூடிவிட்டது, எனவே டயர் இன்னும் சற்றுத் தட்டையாகிச் சாலையைத் தொடும் பரப்பைப் பெருக்கிக்கொள்கிறது. அந்த அளவுக்கு மீறிய தட்டையாதல் டயரைச் சூடேற்றித் தேய்த்துவிடும் என்பதால்தான், பல வண்டிகளில் பின் சக்கரத்துக்கு ஒருவர் செல்லும்போது ஓர் எண்ணும், இருவர் செல்லும்போது அதைவிடக் கூடுதலான ஓர் எண்ணும் தயாரிப்பாளரால் அச்சிடப்பட்டிருக்கின்றன.