கஷ்டப்பட்டால்தான் மன உறுதி வருமா? அதை வளர்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

கேள்விக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. துன்பம் ஒருவரைப் பலப்படுத்துமா? ஒழுங்கான வாழ்க்கை முறை அதற்கு உதவுமா? உடம்பை நன்றாக வைத்துக்கொள்வதற்கும் மன உறுதிக்கும் என்ன சம்பந்தம்? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வருகிறது.

துன்பம் தானாக யாரையும் பலப்படுத்திவிடாது என்பது என் கருத்து. அதிலிருந்து மீண்டு வருவதுதான் பலப்படுத்துகிறது. மீள்வதற்கு நேரமோ துணையோ வழியோ இல்லாமல் போனால் அதே துன்பம் ஆளை உருக்குலைத்துவிடும். "நாங்கள் படாத கஷ்டமா? அதனால்தான் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் வரையில் அது உண்மைதான். ஆனால் அதே கஷ்டத்தைப் பட்டு நொடிந்துபோனவர்கள் யாரும் நமக்கு அறிவுரை சொல்ல வருவதில்லை. மீண்டவர்களின் குரல் மட்டும்தான் நம் காதில் விழுகிறது.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்களும் சகாக்களும் 1998-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறு வயதில் அடி உதை, வசவு, வீட்டில் குடி, அம்மா அடிபடுவதைப் பார்ப்பது போன்ற அனுபவங்கள் எத்தனை வகை சேர்ந்தனவோ, அந்த அளவுக்குப் பெரியவர்களான பிறகு இதய நோயும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. கஷ்டம் மட்டுமே பலம் தரும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இன்னொரு பக்கம், மார்க் சீரி என்ற உளவியலாளரின் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கஷ்டமே பார்க்காதவர்களைவிடவும், ஏகப்பட்ட கஷ்டம் பார்த்தவர்களைவிடவும், ஓரளவு பார்த்தவர்களின் மனநிலைதான் நன்றாக இருந்தது. ஆக, அளவுதான் முக்கியம். எவ்வளவு கஷ்டம் வரும் என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. நடுவே எடுக்கும் ஓய்வும் தேடிக்கொள்ளும் துணையும் ஓரளவுக்காவது நம் கையில் இருக்கின்றன.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஹவாய் தீவுக் கூட்டத்தில் உள்ள கவாய் தீவில் நடந்தது. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, பிரசவச் சிக்கல், குடிக்கு அடிமையான அல்லது மனநோயால் பாதிக்கப்பட்ட பெற்றோர் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றிலும் நன்றாகவே வளர்ந்து வந்தார். அவர்களுக்கு என்ன இருந்தது? பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, மனதார அக்கறை காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தார். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற ஏதாவது ஒரு பொறுப்பு இருந்தது. விருப்பத்தோடு செய்கிற ஒரு வேலை இருந்தது. இதைவிட எனக்கு ஆறுதல் தந்த செய்தி வேறு ஒன்று. பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பெரும்பாலானவர்கள் நாற்பது வயதுக்குள் தங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஒரு நல்ல துணை, மறுபடி தொடங்கிய படிப்பு, ஒரு புதிய வேலை என்று ஏதோ ஒரு வாசல் அவர்களுக்குப் பிற்பாடு திறந்தது. காலம் கடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் தினமும் மாலையில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். முதலில் கட்டில் விளிம்பில் சாயாமல் உட்காருவதுதான் பயிற்சி. அது கைகூடியதும், நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. நாற்காலியில் இரண்டு மெத்தைத் திண்டுகளைப் போட்டு உயரமாக்கினார். உயரமான இருக்கையிலிருந்து எழுவது சுலபம். இரண்டு பாதங்களையும் முட்டிக்குப் பின்னால் இழுத்து வைக்கச் சொல்வார். மூக்கு முட்டியைத் தாண்டி முன்னே வரும்படி குனியச் சொல்வார். "இப்போ எழுந்திருங்க ஐயா" என்பார். அப்பாவின் தொடை நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரியும். சில வாரங்கள் கழித்து ஒரு திண்டை எடுத்தார். முதல் நாள் போலவே திரும்பவும் கால் நடுங்கியது. அது பழகிய பிறகு அடுத்த திண்டையும் எடுத்தார்.

அவரிடம் நான் கவனித்தது இதுதான். அப்பா சோர்ந்துபோய் "இன்னைக்கு வேண்டாம் தம்பி" என்றால் விடமாட்டார். "சரி, ரெண்டே ரெண்டு தடவை" என்பார். வீம்புக்கு "இன்னும் பத்து தடவை எழுந்திருக்கிறேன்" என்றாலும் விடமாட்டார். "போதும் ஐயா, மீதி நாளைக்கு." சோம்பலுக்கும் இடம் இல்லை, வதைத்துக்கொள்வதற்கும் இடம் இல்லை. இயலாததைச் செய்யச் சொல்லவும் இல்லை, இயன்றதோடு நிறுத்தவும் இல்லை. எப்போதும் இயன்றதற்கு ஒரு விரல்கடை மேலே. மன உறுதியை வளர்ப்பதற்கும் எனக்குத் தெரிந்தவரை வேறு வழி கிடையாது.

உடம்பின் அமைப்பும் அப்படித்தான். சுமை விழுகிற இடத்தில் எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கொள்கிறது என்பதை ஜூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை சிகிச்சை நிபுணர் 1892-லேயே எழுதிவிட்டார். எடையே தெரியாத விண்வெளியில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு இடுப்பு, தொடை எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைகிறது. அதனால்தான் அங்கே அவர்கள் தினமும் உடற்பயிற்சி செய்கிறார்கள். தசையும் சுமையால்தான் வலுவாகிறது, ஆனால் அந்த வலு ஏறுவது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பிறகு வரும் ஓய்விலும் தூக்கத்திலும்தான். ஓய்வே கொடுக்காமல் சுமையை ஏற்றிக்கொண்டே போனால் எலும்பில் மெல்லிய விரிசல் விழும். விளையாட்டு வீரர்களுக்கும் படைவீரர்களுக்கும் அடிக்கடி வரும் பிரச்சினை அது.

மனதுக்கு வருவோம். மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-ல் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தங்களால் நிறுத்தவே முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பின்பு தப்பிக்க வழி இருந்தபோதும் அசையாமல் படுத்துக் கிடந்தன. "என்ன செய்தாலும் பயனில்லை" என்று அவை கற்றுக்கொண்டுவிட்டன என்பதுதான் அன்றைய விளக்கம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-ல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில் அவர்களே அந்த விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள். துன்பம் நீளும்போது செயலற்றுப் படுத்துவிடுவது கற்றுக்கொண்டது அல்ல, மூளையின் இயல்பான எதிர்வினையே அதுதான். "என்னால் ஏதோ செய்ய முடியும்" என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அடி விழுந்து படுத்துக் கிடப்பவரைப் பலவீனமானவர் என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. அவர் கையில் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலையைக் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு நாற்காலியிலிருந்து எழுவது அப்படியான வேலை. எனக்கு, அந்த நாட்களில், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து நடந்துவிட்டு வருவது. நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாது. ஆனால் அந்த நடை என் கையில் இருந்தது. நடந்துவிட்டு வந்தால் அன்றைய பொழுதில் ஒரு வேலையையாவது நான் தீர்மானித்துச் செய்திருக்கிறேன் என்ற தெம்பு வரும்.

கட்டுப்பாடு என்றால் பலருக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனநிலை எப்படி இருந்தாலும் நடந்துவிடுகிற ஒரு சில காரியங்கள், அவ்வளவுதான். 2012-ல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர், அன்றாட வாழ்க்கையில் மக்களுக்கு என்னென்ன ஆசைகள் எழுகின்றன, அவற்றை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு மல்லுக்கட்டுவது மற்றவர்களைவிடக் குறைவு. சபலத்துக்கு இடம் தராதபடி வாழ்க்கையை அமைத்துக்கொள்வதால் அவர்களுக்கு அந்தப் போராட்டமே அதிகம் தேவைப்படுவதில்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது என்று போராடுவதைவிட அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுப்பது மேல்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விட்டது என்று நினைப்பவர்களுக்கு: லண்டனில் ஃபிலிப்பா லல்லி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தன்னியல்பாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, வராதபோது தன்னையே நொந்துகொள்கிறவர்கள் ஏராளம். பாவம், அந்தக் கணக்கே தப்பு.

ஒழுங்கு எப்படி ஆட்களைக் காப்பாற்றும் என்பதற்கு துருவப் பகுதிகளுக்குப் பயணம் போன எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்பவரின் அண்டார்டிகா பயணத்தைச் சொல்வேன். அவருடைய கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்டிகா கடல் பனியில் சிக்கியது. நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. அதில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். கப்பலைக் கைவிட்டபோது ஆளுக்குச் சுமார் ஒரு கிலோ சொந்தச் சாமான்தான் எடுக்கலாம் என்றார் ஷாக்கிள்டன். அப்படிச் சொன்னவர், அதைப் போலப் பல மடங்கு எடையுள்ள ஒரு பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் எடுத்துவரச் செய்தார். மனதுக்கு மருந்து அது என்பது அவர் எண்ணம். பின்னர் உதவி தேடி அவர் ஐந்து பேரோடு சிறு படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து போக, மீதி 22 பேர் அண்டார்டிகா அருகே உள்ள யானைத் தீவில் (எலிஃபென்ட் தீவு) கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் நான்கு மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் வைல்ட், தலைவர் இன்றைக்கு வந்துவிடலாம் என்று சொல்லிப் படுக்கைப் பைகளைச் சுருட்டி வைக்கச் செய்வார். நாள் தவறாமல். 1916 ஆகஸ்ட் 30-ல் மீட்புக் கப்பல் வந்தது. படுக்கையைச் சுருட்டியதால் கப்பல் வரவில்லைதான். ஆனால் வருகிறவரை அவர்களைக் குலையாமல் வைத்திருந்ததில் அந்தச் சுருட்டலுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

ஆரோக்கிய விஷயத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் தூக்கத்தை வைப்பேன். 2007-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டியபோது, அச்சத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் மூளைப் பகுதி, தூங்கியவர்களைவிட சுமார் 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. அதை அடக்கி ஆளும் முன்மூளையோடு அதற்கு இருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு உங்கள் பிரச்சினை மலைபோலத் தெரிந்தால் அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும், எழும் நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் உடம்பின் கடிகாரம் ஒழுங்குக்கு வரும். தூக்கத்துக்காகக் குடிப்பவர்களுக்கு ஒன்று: மது சீக்கிரம் கண் அசர வைக்கும், ஆனால் இரவின் பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வேகமாக நடப்பதே கணக்கில் சேரும். கஷ்ட காலத்தில் இந்த அளவு எட்டாமல் போகலாம். பரவாயில்லை, பத்து நிமிடமும் வீண் இல்லை. சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம்: வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மனம் உடைந்திருக்கும்போது முதலில் விட்டுப்போவது அதுதான்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கஷ்டமும் தாங்கிக்கொள்ள வேண்டிய கஷ்டம் அல்ல. வீட்டில் அடி விழுகிறது, வேலையிடத்தில் தினமும் அவமானப்படுத்துகிறார்கள் என்றால், அங்கே பொறுத்துப் போவதற்குப் பெயர் மன உறுதி இல்லை. வெளியேற வழி தேடுவதற்குத்தான் உறுதி வேண்டும். அதேபோல, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நடைப்பயிற்சியையும் ஒழுங்கையும் மட்டும் நம்பி இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அப்போதே நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போக வேண்டும்.