குக்கீ மொறுமொறுவென்று இருக்க வேண்டுமா, மெத்தென்று இருக்க வேண்டுமா? உங்களுக்குப் பிடித்த பதம் எது, அதை வீட்டில் கொண்டுவருவது எப்படி?

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மொறுமொறுப்பு, நடுவில் இழுவை. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் விளிம்பு டக்கென்று உடைய வேண்டும். நடுப்பகுதி உடனே உடையாமல் வளைந்து, அப்புறம் பிய்ந்து வர வேண்டும். முழுக்க மொறுமொறுப்புதான் வேண்டுமென்றால் பிஸ்கட் இருக்கிறது, முழுக்க மெத்தென்று வேண்டுமென்றால் கேக் இருக்கிறது. இரண்டும் ஒரே வட்டத்துக்குள் கிடைப்பது குக்கீயில்தான்.

கேள்வியில் 'மெத்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அங்கேதான் பலருக்கும் குழப்பம் ஆரம்பிக்கிறது. இட்லியும் மெத்து, அல்வாவும் மெத்து என்று யாராவது சொல்வார்களா? இட்லியின் மென்மை காற்றால் வருவது. அல்வாவின் இழுவை, தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும் சர்க்கரையால் வருவது. மொறுமொறுப்பிலும் அப்படித்தான்: முறுக்கு கறுக்கென்று உடைவது வேறு, பேக்கரி நெய் பிஸ்கட் வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்வது வேறு. ஆக நான்கு பதம் இருக்கிறது. 'சாஃப்ட் குக்கீ' என்று தேடிக் கிடைத்த குறிப்பைச் செய்துவிட்டு, "கேக் மாதிரி வந்துவிட்டது" என்று புலம்புகிறவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இழுவை. கிடைத்த குறிப்பு காற்றுக்கானது.

இழுவையா மொறுமொறுப்பா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சர்க்கரைக்கு. மாவைவிடவும், முட்டையைவிடவும். அதிரசத்தையும் கடலை மிட்டாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வெல்லப்பாகுதான். அதிரசத்துக்கு உருட்டுப் பதத்தில் இறக்குகிறோம், தண்ணீர் மிச்சமிருக்கிறது, ஆறினாலும் வளையும். கடலை மிட்டாய்க்குத் தண்ணீர் கிட்டத்தட்ட முழுக்க வற்றும்வரை காய்ச்சுகிறோம், ஆறினால் கண்ணாடி மாதிரி உடைகிறது. குக்கீ ஓவனில் இருக்கும்போது அதன் ஓரம் கடலை மிட்டாயை நோக்கியும் நடு அதிரசத்தை நோக்கியும் போய்க்கொண்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது சரியான நேரத்தில் நிறுத்துவது.

வெள்ளைச் சர்க்கரை ஆறியதும் மறுபடி படிகமாகி இறுகப் பார்க்கும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் இவற்றில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் எளிதில் படிகமாகாது. காற்றிலிருந்துகூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்துக்கு அமெரிக்காவில் கோர்ட் வரை போயிருக்கிறார்கள். சோப்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஒரு காலத்தில் டங்கன் ஹைன்ஸ் என்ற பெயரில் குக்கீயும் விற்றது. எளிதில் படிகமாகும் சர்க்கரை போட்ட மாவு வெளியே, படிகமாகாத சர்க்கரை போட்ட மாவு உள்ளே என்று வைத்து, வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இழுவையும் பல வாரம் மாறாமல் இருக்கும் குக்கீக்கு 1984-ல் காப்புரிமை வாங்கியது. தன் முறையைக் காப்பியடித்ததாக நபிஸ்கோ, கீப்ளர், ஃப்ரிட்டோ-லே என்ற மூன்று போட்டிக் கம்பெனிகள் மீதும் வழக்குப் போட்டு, 1989-ல் 12.5 கோடி டாலர் பெற்றுச் சமரசம் ஆனது. வீட்டில் சுட்டு இரண்டு நாளில் தீர்க்கப்போகிற நமக்கு இரண்டு மாவு தேவையில்லை. இரண்டு சர்க்கரை போதும்.

(மெத்தென்று இருப்பதுதான் அசல் என்பவர்களுக்கு ஒரு தகவல். 1930-களில் மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் உணவகத்தை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் முதன்முதலில் சாக்லேட் சிப் குக்கீ செய்தபோது அதற்கு வைத்த பெயரிலேயே 'க்ரன்ச்' இருந்தது. சின்னச் சின்னதாக, மொறுமொறுவென்றுதான் சுட்டார்.)

என் பதத்துக்கான அளவு இது. 13 குக்கீ வரும்:

மைதா 160 கிராம்
உப்பு சேர்த்த வெண்ணெய் 115 கிராம்
நாட்டுச்சர்க்கரை 110 கிராம்
வெள்ளைச் சர்க்கரை 50 கிராம்
முட்டை 1
ஆப்ப சோடா அரை தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி
நறுக்கிய டார்க் சாக்லேட் 120 கிராம்

தராசு இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு கப் மைதாவை ஸ்பூனால் அள்ளிப் போட்டால் 120 கிராம், டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி எடுத்தால் 140-ஐத் தாண்டும். அந்த 20 கிராம் அதிகமானாலே குக்கீ பரவாது, நடு வறண்டுவிடும்.

வெண்ணெயை உருக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க அடிப்பதெல்லாம் காற்றைப் பிடித்து வைக்கிற வேலை. அது கேக் பதத்துக்கு. உருக்கினால் வெண்ணெயில் இருக்கும் 16 சதவீதத் தண்ணீர் பிரிந்து மாவோடு சேரும், அதுவும் இழுவைக்குத் துணை. தவிர, சென்னை வெயிலில் 'ரூம் டெம்பரேச்சர் வெண்ணெய்' என்பது நடைமுறையில் பாதி உருகிய வெண்ணெய்தான். அதைக் குழைத்து அடிப்பதைவிட முழுதாக உருக்கிவிடுவது ஒழுங்கான வேலை. அடுப்பில் விட்டு நெய் வாசனை வரும்வரை காய்ச்சினால் ருசி கூடும். ஆனால் தண்ணீர் போய் எடை 95 கிராமுக்கு இறங்கிவிடும்; அப்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் தங்கும் கசண்டை வடிகட்டாதீர்கள், ருசி அதில்தான்.

நம்மூர்ச் சர்க்கரைப் பரல் பெரிது. மாவில் கரையாமல் தங்கி, ஆறிய பிறகு நறநறவென்று கடிபடும். மிக்ஸியில் பத்து விநாடி ஓட்டினால் போதும், மாவாக்க வேண்டாம். நாட்டுச்சர்க்கரையைக் கட்டாயம் சலியுங்கள். கட்டி இருந்தால் அந்த இடத்தில் பாகு கசிந்து, அடியில் கருகிக் குழி விழும். ஈரப்பிசுக்கு அதிகமுள்ள சர்க்கரையாக இருந்தால் மைதாவில் 10 கிராம் கூட்டலாம்.

உருக்கிய வெண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு சர்க்கரையையும் போட்டு ஒரு நிமிடம் கலக்கி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு முட்டை, எசன்ஸ். பிறகு மைதாவும் சோடாவும் சேர்த்துச் சலித்தது. வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கையை எடுத்துவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் ரப்பர்தான். கடைசியில் சாக்லேட்.

முட்டையில் வெள்ளைக்கரு உப்பவும் வைக்கும், உலரவும் வைக்கும். மஞ்சள் கரு கொழுப்பு, அது இழுவைக்கு ஆதரவு. இன்னும் ஈரமான நடு வேண்டுமென்றால் முழு முட்டைக்குப் பதில் இரண்டு மஞ்சள் கரு போடலாம். முட்டை சேர்க்காத வீடுகளில் தயிர் விடுகிறார்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கி, மறுபடியும் கேக். அதற்குப் பதில் 40 மில்லி பால், ஒரு மேசைக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ். கேக் சாமான் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும், ஈரக்கையால் எடுத்தால் ஒட்டாது. அதைச் சேர்க்கும்போது வெள்ளைச் சர்க்கரையை 35 கிராமாகக் குறையுங்கள்.

ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டால் என்ன? மேலே உப்பும், நிறம் வெளிறும். சோடா மாவுக்குக் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) கொடுப்பதால் ஓரம் நன்றாகச் சிவக்கும், குக்கீ பரவவும் செய்யும். அரை தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

மாவு தளர்வாகத்தான் இருக்கும். பயந்து மைதா சேர்க்காதீர்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 45 கிராம் உருண்டைகளாக எடுத்து, மூடி மறுபடி உள்ளே வையுங்கள். குறைந்தது 2 மணி நேரம். ஒரு நாள் முழுக்க என்றால் உத்தமம். கொழுப்பு இறுகுவதால் சீக்கிரம் உருகி ஓடாது. மைதா ஈரத்தைக் குடித்து, மாவும் சர்க்கரையும் சமமாகும். அதிரச மாவை வைத்திருந்து சுடச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே காரியம்தான். உருட்டாமல் மொத்தமாக வைத்தால் மறுநாள் கல்லாகிவிடும், கரண்டி வளையும். 45 கிராம் என்பதும் ஏதோ ஒரு எண் இல்லை. 20 கிராம் உருண்டையில் ஓரம் சிவக்கிற நேரத்துக்குள் நடுவும் வெந்து முடிந்துவிடும், இரண்டு பதத்துக்கு அதில் இடமே இல்லை.

இனி ஓவன். ஓடிஜியின் (வீட்டு மின்சார ஓவன்) திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், 20 டிகிரி வரை தள்ளியிருப்பது சாதாரணம். உள்ளே வைக்கும் சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு அதைவிட உருப்படியான சாமான் வேறில்லை. 175 டிகிரி, மேலும் கீழும் இரண்டு சூட்டுக் கம்பியும் ஓட வேண்டும், நடுத்தட்டு, 15 நிமிடம் முன்சூடு. கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் விசிறி ஓடும், 160 போதும். தட்டில் வெண்ணெய் தடவாமல் பட்டர் பேப்பர் விரியுங்கள். தடவினால் வழுக்கிக்கொண்டு பரவும். கறுப்புத் தட்டு அடியைச் சீக்கிரம் சிவக்க வைக்கும், வெளிர் அலுமினியம்தான் நல்லது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டையை அப்படியே வைத்து 11 முதல் 13 நிமிடம். கடிகாரத்தைவிடக் கண்தான் முக்கியம்: ஓரம் இளம்பழுப்பாக வேண்டும், நடு வெளிறி, உப்பி, 'இன்னும் வேகவில்லையே' என்று தோன்ற வேண்டும். அந்த நேரத்தில் வெளியே எடுக்க மனசு வராது. எடுத்துவிடுங்கள். சூடான தட்டிலேயே 5 நிமிடம் இருக்கட்டும், மிச்ச வேக்காடு அங்கே நடக்கும். நடு அமுங்கி மேலே சுருக்கம் விழும். பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். நடுவும் சிவக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு ஆறியபின் கிடைப்பது வறட்டி.

அரை மணி நேரம் ஆறுவதற்குள் கடித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சூட்டில் எல்லாக் குக்கீயும் மெத்தென்றுதான் இருக்கும், சர்க்கரை இன்னும் பாகாகவே இருக்கிறது.

அப்பளம் மாதிரி பரந்து எண்ணெய் கசிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: உருண்டை குளிரவில்லை, ஓவன் சூடு போதவில்லை, அல்லது முதல் ஈடு எடுத்த சூட்டுத் தட்டிலேயே இரண்டாம் ஈட்டை வைத்துவிட்டீர்கள். கடைசியதுதான் அதிகம் நடக்கிறது. உள்ளே போகும் முன்பே அடி உருக ஆரம்பித்துவிடும். தட்டைத் திருப்பிப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் ஆற்றித் துடைத்த பிறகே அடுத்த ஈடு. குழிப்பணியாரம் மாதிரி உருண்டையாகவே நின்றால் மைதா அதிகம். வெளியே எடுத்த உடனே கரண்டியால் லேசாக அழுத்திவிட்டால் அந்த ஈடாவது தப்பிக்கும்.

முழு மொறுமொறுப்புக் கட்சிக்கு: மேலே சொன்ன அளவில் இரண்டு சர்க்கரையும் சேர்ந்த 160 கிராமையும் வெள்ளைச் சர்க்கரையாகவே போடுங்கள், 20 கிராம் உருண்டையைத் தட்டையாக்கி, 160 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம் நிதானமாக உலர விடுங்கள். சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு ஈரமாகவே இருந்து இரவுக்குள் நமுத்துவிடும்.

பொலபொலப்புக்கு வழியே வேறு. அங்கே தண்ணீரும் முட்டையும் கிட்டவே வரக்கூடாது, அதனால் வெண்ணெய்க்குப் பதில் நெய். மைதா 100, உறைந்த நெய் 60, பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நெய் உருகியிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகு சர்க்கரையோடு வெளுக்கும்வரை குழைத்து, மைதாவைச் சேர்த்து உருட்டுங்கள். 150 டிகிரியில் 18 நிமிடம், நிறம் மாறாமல். வெளியே எடுத்ததும் தொட்டால் உதிரும்; தட்டிலேயே முழுக்க ஆறட்டும்.

கடைசியாக டப்பா. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மொறுமொறு குக்கீயைத் திறந்து வைத்தால் ஒரே சாயங்காலத்தில் நமுத்துப்போகும். முழுக்க ஆறிய பிறகே காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்பாகப் போட்டால் அதன் ஆவியே கெடுத்துவிடும். நமுத்ததை 150 டிகிரியில் 5 நிமிடம் காட்டி ஆற விட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இழுவைக் குக்கீயைத் தனி டப்பாவில் வையுங்கள், இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதுக்குப் போய் இரண்டுமே கெடும். இரண்டு நாளில் அது இறுக ஆரம்பித்தால் ஒரு துண்டு பிரெட்டை டப்பாவுக்குள் போட்டு மூடுங்கள், மறுநாள் பிரெட் காய்ந்திருக்கும், குக்கீ வளையும். ஆனால் உருண்டைகளை ஃபிரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது நாலே நாலு எடுத்து, ஒரு நிமிடம் கூடுதலாகச் சுட்டுக்கொள்வது இதைவிட மேல். அந்த விளிம்பு முதல் நாளில்தான் சரியாக இருக்கும்.