உடலில் உலோக அயனிகள்: கேள்வி பதில்

உலோக அயனிகள் உடல்நலத்திலும் நோயிலும் வகிக்கும் பங்கு குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன். மருத்துவ உயிர்வேதியியல் நடத்துபவன் என்ற முறையில் காரண காரியங்களை விளக்க என்னால் முடியும். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் பொறுப்பு.

கேள்வி: ஐயா, உடலில் இரும்பு இருக்கிறது, செம்பு இருக்கிறது என்கிறார்கள். ஆணியிலும் கம்பியிலும் இருக்கும் அதே பொருள்தானா?

பதில்: தனிமம் ஒன்றுதான், நிலை வேறு. உடலில் அவை எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்னேற்றம் பெற்ற அயனிகளாக இருக்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் உடல்நீரில் ஏறக்குறையத் தளையின்றி நடமாடுகின்றன. இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவையோ அநேகமாக எப்போதும் ஏதாவதொரு புரதத்தின் பிடியில் இருக்கின்றன. ஆகவே ஓர் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காமல், எங்கே, எந்த நிலையில், எதன் பிடியில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இங்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில்தான் விடை இருக்கிறது.

ஓர் எலக்ட்ரான் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு ஹீமோகுளோபினையே பார்க்கலாம். அதிலுள்ள இரும்பு இரண்டு நேர்மின்னேற்றத்துடன் இருக்கும்வரை ஆக்சிஜனை ஏற்றி இறக்கும். சில மருந்துகளாலோ நைட்ரைட் நஞ்சாலோ இன்னொரு எலக்ட்ரானையும் இழந்து மூன்று நேர்மின்னேற்றம் பெற்றுவிட்டால் அதனால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. ரத்தம் பழுப்பு நிறமாகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உடலின் மொத்த இரும்பு அப்போதும் குறைந்திருக்காது.

கேள்வி: முடக்குவாதத்தால் அவதிப்படும் என் தாயாருக்கு ஹீமோகுளோபின் 9 கிராம்தான். ஆனால் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) 400-க்கு மேல் இருப்பதால் இரும்பு மாத்திரை வேண்டாம் என்கிறார் மருத்துவர். ரத்தசோகைக்கு இரும்பு கொடுக்காமல் இருப்பது சரியா?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோன்தான் இரும்பின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. செல்லுக்குள் இருக்கும் இரும்பு வெளியேற நாம் அறிந்த ஒரே வாசல் ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் அதைப் பற்றிக்கொண்டால் செல் அந்த வாசலையே சிதைத்துவிடும். நாள்பட்ட அழற்சியில் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் பொருள் உயர்ந்து, கல்லீரலை இடைவிடாமல் ஹெப்சிடின் சுரக்க வைக்கிறது. அதன் விளைவாக, பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்டெடுக்கும் விழுங்கணுக்களுக்குள்ளேயே அது தேங்கிவிடுகிறது, குடலில் புதிதாக உறிஞ்சப்படுவதும் குறைகிறது, எலும்பு மஜ்ஜையோ இரும்பின்றித் தவிக்கிறது. கிருமிகளும் இரும்பின்றி வளர முடியாது என்பதால், தொற்று நேரத்தில் இரும்பைப் பதுக்குவது உடலின் பழைய தற்காப்பு உத்தி. முடக்குவாதத்தில் எதிரியே இல்லாதபோதும் அது தொடர்கிறது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் உயரும். எனவே அழற்சி உள்ள ஒருவருக்கு ஃபெரிட்டின் 80 என்று வந்தால் அதை வைத்து இரும்புக் குறைபாடு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினின் செறிவு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் தாயாரின் நிலையில் முதலில் கட்டுக்குள் வர வேண்டியது மூட்டு அழற்சிதான்.

கேள்வி: எனக்கு உண்மையாகவே இரும்புக் குறைபாடு. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை போட்டால் சீக்கிரம் ஏறுமா?

பதில்: ஏறாது, வயிறுதான் கெடும். ஒரு வேளை மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் உயர்ந்து ஏறத்தாழ ஒரு நாள்வரை அப்படியே நிற்பதால், அடுத்தடுத்த வேளைகளில் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. இப்போது பல மருத்துவர்கள் நாளுக்கு ஒரு வேளை, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதித் தருவது இதனால்தான்.

கேள்வி: அதிகமான இரும்பு சிறுநீரில் போய்விடாதா?

பதில்: போகாது. நாள்தோறும் 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே வருகிறது, உதிரும் செல்கள் வழியாக அதே அளவு இழக்கப்படுகிறது. மிகுதியை வெளியேற்றத் தனி ஏற்பாடு எதுவும் நம் உடலில் இல்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள நோயாளிக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தமும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பைக் கொண்டுவருகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரதங்களின் பிடிக்கு அடங்காத இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற, எதனோடும் வினைபுரியத் துடிக்கும் தனி உறுப்பை (free radical) உண்டாக்கி, கல்லீரலையும் இதயத்தையும் கணையத்தையும் அரிக்கிறது. அவர்களுக்கு டெஃபராசிராக்ஸ் போன்ற, இரும்பைக் கவ்வி வெளியேற்றும் மருந்துகள் வாழ்நாள் தேவை. 1996-இல் கண்டறியப்பட்ட எச்.எஃப்.ஈ. மரபணுவின் பிறழ்வால் இரும்பு சேர்பவர்களுக்கோ, குறித்த இடைவெளியில் ரத்தத்தை வெளியே எடுப்பதே சிறந்த சிகிச்சை. பழங்கால மருத்துவர்கள் கண்ட நோய்க்கெல்லாம் செய்த அந்த வைத்தியம் உண்மையிலேயே பொருந்தும் நோய்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

கேள்வி: சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று நீண்ட காலமாக நாளுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் எடுத்துவருகிறேன். இப்போது பாதங்கள் மரத்துப்போகின்றன. ரத்தத்தில் வெள்ளணுக்களும் குறைவு. தொடர்பு இருக்குமா?

பதில்: தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து, ரத்தத்தில் செம்பு, அதைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், துத்தநாகம், பி12 ஆகிய நான்கையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வளர்ந்தவர்களின் அன்றாடத் தேவை 8 முதல் 11 மில்லிகிராம்தான். அமெரிக்க வழிகாட்டுதலில் மேல்வரம்பே 40 மில்லிகிராம். துத்தநாகம் மிகும்போது குடல் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கின்றன. அது துத்தநாகத்தைவிடச் செம்பை இறுகப் பற்றும். சில நாள்களில் அந்தச் செல் உதிரும்போது, பிடிபட்ட செம்பும் ரத்தத்தை எட்டாமலே மலத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் இது நடந்தால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, பி12 குறைபாட்டைப் போலவே தோன்றும் தண்டுவடப் பாதிப்பு, தள்ளாட்டம் எல்லாம் வரும். துத்தநாகம் கலந்த பல்செட் ஒட்டுப்பசையை அளவின்றிப் பயன்படுத்தியவர்களுக்கும் இதே நிலை ஏற்பட்டிருக்கிறது. ரத்த அணுக்கள் விரைவில் தேறிவிடும். நரம்புகள் முழுமையாகத் தேறும் என்று உறுதி கூற முடியாது.

இதே குறுக்கு வழியை மருத்துவம் வேண்டுமென்றே பயன்படுத்தும் இடமும் உண்டு. 1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த, இன்று அவர் பெயராலேயே வழங்கும் நோயில், ஏ.டி.பி.7பி மரபணுப் பழுதால் கல்லீரல் செம்பைப் பித்தநீரில் கழிக்க முடியாமல் போகிறது. செம்பு கல்லீரலிலும் மூளையிலும் படிகிறது. பலருக்குக் கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தெரியும். 1956-இல் ஜான் வால்ஷி அறிமுகப்படுத்திய பெனிசிலமின் படிந்த செம்பை வெளியேற்றுகிறது. துத்தநாகம் புதிய செம்பைக் குடலிலேயே தடுக்கிறது. உங்களுக்குக் கேடு செய்த அதே வேலை அவர்களுக்கு மருந்தாகிறது.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் 6.4 என்று வந்திருக்கிறது. ஆய்வகத் தவறாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம்; ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், இன்றே ஈசிஜி எடுங்கள். உடலின் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. உள்ளே லிட்டருக்கு 140 மில்லிமோல், வெளியே 4 என்ற இந்த வேறுபாட்டை, ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்ப் காத்துவருகிறது. ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ, கையை இறுகக் கட்டி விரல்களைப் பலமுறை மடக்க வைத்தாலோ, உள்ளிருப்பது கசிந்து பொய்யான உயர்வைக் காட்டும். உயர்வு மெய்யாக இருந்தால், எந்த முன்னறிகுறியும் இல்லாமல் இதயத் துடிப்பு தடம் புரளலாம்.

அவசர சிகிச்சையில் முதலில் போடப்படும் கால்சியம் குளுக்கோனேட் பொட்டாசியத்தைச் சிறிதும் குறைக்காது. இதயத் தசையின் மென்படலத்தை நிலைப்படுத்திச் சற்று அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும். அதை உடலைவிட்டே நீக்குவது சிறுநீரகமோ டயாலிசிஸோதான்.

இதயத்துக்குக் கால்சியம் தேவை என்பது தெரியவந்த கதை சுவையானது. சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்தார். அந்த உப்புநீர் லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டது என்று பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தது. வாலை வடிநீரில் தயாரித்ததும் இதயம் ஓய்ந்தது; கால்சியத்தைச் சேர்த்ததும் மீண்டும் துடித்தது. அதை அவர் 1883-இல் வெளியிட்டார்.

கேள்வி: என் தம்பி இருதுருவ மனநோய்க்கு லித்தியம் எடுக்கிறான். ரத்த அழுத்தத்துக்காக உப்பை அறவே நிறுத்தலாமா?

பதில்: மனநல மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது. 1949-இல் ஜான் கேட் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த லித்தியம், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே குறுகிய இடைவெளி கொண்டது: வழக்கமான இலக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே நடத்துவதால், சோடியம் குறையும்போது அதை மீட்கும் முனைப்பில் லித்தியத்தையும் சேர்த்து மீட்டுவிடுகிறது. வயிற்றுப்போக்கு, நீரிழப்பு, சிறுநீரைப் பெருக்கும் தயாசைடு மாத்திரை, இப்யூப்ரோஃபென் போன்ற வலிநிவாரணி ஆகியவையும் அளவை உயர்த்தும். கை நடுக்கம் கூடினாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: உடலில் சேர்ந்த ஈயத்தையும் பாதரசத்தையும் நீக்குவதாக விளம்பரம் செய்யும் "டீடாக்ஸ்" சிகிச்சைகளை நம்பலாமா?

பதில்: என் கருத்தில், பெரும்பாலானவை நம்பத் தகாதவை. முதலில் உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் ஒரு கீலேட் மருந்தைக் கொடுத்து, அதன்பின் சிறுநீரைச் சோதித்து, அளவு உயர்ந்திருக்கிறது என்று அச்சுறுத்துவது அவர்கள் வழக்கம்; மருந்து கொடுத்தால் எவருக்கும் சற்று உயரத்தான் செய்யும். ஈய நஞ்சு மெய்யான ஆபத்து என்பதை மறுக்கவில்லை. அது கால்சியத்தைப் போல நடித்து எலும்பில் பல்லாண்டுகள் குடியிருக்கிறது, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமைத் தயாரிக்கும் நொதியில் துத்தநாகத்தின் இடத்தைப் பறிக்கிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதற்கு வேண்டியது ரத்தப் பரிசோதனையும் ஈயம் வரும் வழியை அடைப்பதும்; அளவு மிக அதிகமானால் மட்டுமே மருந்து. ஈயத்துக்குத் தருவது கால்சியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. என்ற கீலேட் மருந்து. அதற்குப் பதிலாகக் கால்சியம் சேராத வகையைத் தவறுதலாகச் செலுத்தியதில், ரத்தக் கால்சியம் வீழ்ந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கலாமா?

பதில்: கூடாது, குறைந்தது 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். குடலில் உலோக அயனி மருந்தைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் சரியாக உறிஞ்சப்படாது. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள், இடைவெளி எவ்வளவு என்பதை மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.